தேறியவருக்கும் ஒரு ஜூன் வேண்டும்

பிளஸ் டூ கணக்கில் 34 வாங்கித் தோற்ற மாணவர் ஜூன் கடைசியில் துணைத் தேர்வு எழுதலாம். எழுதி 80 வாங்கினால், அந்த 80-ஐ வைத்துக்கொண்டு பொறியியல் துணைக் கலந்தாய்வுக்கும் போகலாம். அதே வகுப்பில் 45 வாங்கித் தேறிய மாணவிக்கு அந்த வழி இல்லை. தேறிவிட்டார் என்பதே அவருக்குத் தடையாகிவிடுகிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் இந்த முரண் இருபது ஆண்டுகளாக நீடிக்கிறது. இதை இந்தக் கல்வியாண்டிலேயே முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கல்வித் துறையைக் கேட்கிறோம்.

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் நன்றாகப் படித்துவந்த பிள்ளை பிளஸ் டூவில் மட்டும் சறுக்குவதை காவிரி டெல்டாவின் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். காரணம் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறைகள். தை பிறந்ததும் சம்பா அறுவடை. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. கொள்முதல் நிலையத்து வாசலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்கட்டும் என்று நெல்லைக் கிளறிக் காயவைத்து, இரவில் தார்ப்பாய் போர்த்திக் காவல் கிடக்கும் குடும்பத்தில், பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் திருப்புதல் தேர்வு நிம்மதியாக நடந்துவிடாது. அப்பா களத்தில் இருந்தால் மாட்டையும் தம்பி தங்கையையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கும் அக்காதான்.

இது சாதாரண ஆண்டின் கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் சரிந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருட்டில் கிடந்தன. அந்த இருட்டில் படித்த பிள்ளைகள்தான், 1,200 மதிப்பெண் 600 ஆகக் குறைக்கப்பட்ட புதிய முறையின் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வை 2019 மார்ச்சில் எழுதினார்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கதிர் முற்றிய சம்பா வயலோடு சாய்ந்தது. அடுத்த மாதமே பொதுத்தேர்வு. பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள், நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. அந்த வீடுகளில் மதிப்பெண்ணுக்கு நேர்ந்த சேதத்தைக் கணக்கெடுக்க யாரும் வரவில்லை.

அந்தச் சேதம் சிறியதல்ல. பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கு மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாக. கணக்கில் பத்தும் இயற்பியலில் பத்தும் குறைந்தால் கட்-ஆஃபில் பதினைந்து போய்விடும். தரவரிசையில் அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று நம்பியிருந்த விவசாயி மகளுக்கும், கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் கேட்டவருக்கும் இதே நிலைதான்.

முன்பு தமிழ்நாட்டில் இந்த வாய்ப்பு இருந்தது. இம்ப்ரூவ்மென்ட் தேர்வு என்றால் அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அதை நீக்கியதற்கு நியாயமான காரணமும் இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் வீட்டில் இருந்து, டியூஷன் படித்து, மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டார்கள். முதல் முறை எழுதிய கிராமத்து மாணவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார். நீட் தேர்விலும் இதுவே நடப்பதை, மீண்டும் மீண்டும் எழுதுவோரின் பங்கு பெருகுவதை, நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் எடுத்துக்காட்டியது. அந்தக் கவலையை நாமும் பகிர்ந்துகொள்கிறோம். ஆகவே பழைய முறையைத் திரும்பக் கேட்கவில்லை. ஒரு வருடக் காத்திருப்பை விலைக்கு வாங்க முடிந்தவருக்குத்தான் பழைய முறை உதவியது. அதே ஆண்டு ஜூனில், தோற்றவர்கள் எழுதும் அதே துணைத் தேர்வில், தேறியவரும் இரண்டு பாடங்கள் வரை எழுதட்டும், மார்ச், ஜூன் இரண்டில் உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறோம். மே மாதத்தில் முடிவு வந்து ஜூனில் தேர்வு என்றால், இடையில் இருக்கும் சில வாரங்களில் பணத்தால் வாங்கக்கூடியது குறைவு. அறுவடை முடிந்து வீடு கொஞ்சம் ஓய்ந்திருக்கும் அந்த வாரங்கள் டெல்டாப் பிள்ளைக்குப் பெரிது.

அண்டை மாநிலங்கள் இதைச் செய்துவிட்டன. கர்நாடகத்தில் 2024-ல் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி.க்கு ஒரே ஆண்டில் மூன்று தேர்வுகள் நடந்தன, எதில் அதிகமோ அதுவே மதிப்பெண் ஆனது. கேரளத்தில் பிளஸ் டூ தேறியவரும் ஒரு பாடத்தில் உடனே மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். நம்மிடம் வினாத்தாள், தேர்வு மையம், விடைத்தாள் திருத்தும் முகாம் எல்லாமே துணைத் தேர்வுக்காக ஏற்கெனவே இருக்கின்றன.

ஒரே மார்ச்சை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதை அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டது. 2021-ல் கொரோனாவால் தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தார்கள், படித்தார்கள். அதன்பின் எல்லாம் பழையபடி ஆயிற்று. 2025-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கும் அந்த முடிவை வரவேற்கிறோம். ஆனால் மிச்சமிருக்கும் ஒற்றைத் தேர்வின் கனம் அதனால் கூடியிருக்கிறது.

சறுக்கிய பிறகு கல்லூரியில் மீண்டு எழுபவர்களுக்கும் வழி வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் மாணவரிடம் அந்தக் கல்லூரி மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பள்ளி இறுதி ஆண்டில் நடந்தது அங்கே தடையாவதில்லை. இங்கே அதற்கு ஈடான ஒரே பாதை பாலிடெக்னிக். டிப்ளமோவை நன்றாக முடித்தவர், காரைக்குடி அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி நடத்திவந்த கலந்தாய்வு வழியே நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர முடிந்தது. பல்லாயிரம் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பொறியாளராக்கிய பாதை அது. கலை, அறிவியல் கல்லூரிகளில் அப்படி எதுவும் இல்லை. மதிப்பெண் போதாமல் கிடைத்த பாடத்தில் சேர்ந்தவர், முதலாண்டில் முதல் மாணவராக வந்தாலும் விரும்பிய துறைக்கு மாற முடிவதில்லை.

கும்பகோணத்துக்கு இது பழகிய காயம். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகளோடு படிப்பை முடித்து, 1904-ல் உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கவனம் சிதறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு மாறியும் எஃப்.ஏ. தேறவில்லை. அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது கல்லூரி விதிகள் அல்ல, சில மனிதர்களின் அக்கறை. மேதைக்கு அப்படி யாராவது கிடைக்கக்கூடும். நாம் பேசுவது மேதைகளைப் பற்றியல்ல. கணக்கில் 70 வாங்கக்கூடிய, மழையாலும் அறுவடையாலும் 45-ல் நின்றுபோன பிள்ளையைப் பற்றி.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. தேறியவர்களைத் துணைத் தேர்வில் அனுமதித்து, அந்த மதிப்பெண்ணைப் பொறியியல், வேளாண்மை, அரசு கலைக் கல்லூரி என எல்லாத் துணைக் கலந்தாய்வுகளிலும் ஏற்க வேண்டும். மார்ச் மதிப்பெண்ணில் இடம் பெற்றவர் யாருடைய இடமும் இதனால் பறிபோகாது, நிரம்பாத இடங்களே போதும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு முடிவில் இடைநின்றவர்களால் காலியாகும் இடங்களை, கல்லூரித் தேர்வு மதிப்பெண் அடிப்படையில் துறை மாற விரும்புவோருக்குத் திறந்துவிட வேண்டும். இதற்கான அரசாணை காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வர வேண்டும். நடவு முடிந்து மழை தொடங்குவதற்குள், ஜூனில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பது ஒவ்வொரு பிளஸ் டூ வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.