பழைய இரும்பும் படித்த பிள்ளையும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

பொழுதுபோக்கு எது என்று கேட்டால் கிரிக்கெட், கேரம், திரைப்படம், கைப்பேசி என்று விடை வரும். "உலை மூட்டி இரும்பு அடிப்பது" என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். "இரும்புக்குக் காசு எங்கேயடா கிடைக்கிறது?" என்பது ஒன்று. "இதைச் செய்யவா கல்லூரிக்கு வந்தாய்?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி எளிது. இரண்டாவது கடினம். இரண்டுக்கும் விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். மாணவன் வாங்கக்கூடிய விலையில் நல்ல எஃகு நம் ஊர்களில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் எது எஃகு, எது வெறும் இரும்பு என்று பிரித்தறியும் அறிவு நமக்குக் கிடைப்பதில்லை. அந்த அறிவு இல்லாதவனுக்கு இலவச இரும்பும் விலை கூடியதாகவே முடியும். அதைக் கற்றுத்தர அறிவியல் துறைகள் உள்ள கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

விலை என்பது யாது?

என் தந்தையார் கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். வெட்டி விழுந்த கம்பித் துண்டுகள் எங்கள் வீட்டு மூலையில் எப்போதும் கிடக்கும். கம்பியின் எடைக்கு அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிக் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ; ஓர் அடித் துண்டு கால் கிலோவுக்குச் சற்றே அதிகம். ஒரு கொக்கி செய்ய அது போதும். அதற்கு நான் ஒரு காசும் கொடுப்பதில்லை.

எனினும் அந்தக் கம்பியில் ஓர் உளி செய்தால் என்ன ஆகும்? நாள் முழுதும் அடித்து, ஒரு கூடைச் சீமைக் கருவேலங்கரியை எரித்து, தண்ணீரில் தோய்த்து எடுத்தாலும், முதல் கல்லில் பட்டதும் முனை மழுங்கும். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரக் குறிப்பு (ஐ.எஸ். 1786) கார்பனை 0.30 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. டி.எம்.டி. கம்பியின் வலிமை, ஆலையில் தண்ணீர் பாய்ச்சி அதன் வெளிப்புறத்தைக் கடினமாக்குவதால் பெரிதும் வருவது. உலையில் சிவக்கக் காய்ச்சியதும் அந்த வலிமை போய்விடும். தோய்த்தால் போதிய கடினம் ஏறுவதற்கு வேண்டிய கார்பன் அதில் இல்லை. ஆக இரும்பின் விலையோடு கரியின் விலையும் உழைத்த நேரத்தின் விலையும் சேர வேண்டும். இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்தால், உளிக்கு இலவசக் கம்பியே மிக விலையுயர்ந்த இரும்பு. கொக்கிக்கும் ஆணிக்கும் குறட்டுக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் அதுவே மிக மலிவானது. பொருளுக்கேற்ற இரும்பு என்பதே இதன் சாரம்.

எங்கே தேடுவது?

பழைய வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பெயர்போன சென்னைப் புதுப்பேட்டை வரை நாம் போக வேண்டியதில்லை. தாலுகா ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இரும்புக் கடை இருக்கிறது. பேருந்து நிலையத்தை ஒட்டி லாரிப் பட்டறைகள் இருக்கின்றன.

லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் முதல் தரமானவை. ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கார்பனோடு சிலிக்கனோ குரோமியமோ கலந்த எஃகு அது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வாங்கித் தந்த கொல்லர்களும், நம் ஊர்களில் கதிர் அரிவாளும் வெட்டரிவாளும் செய்பவர்களும் தேடிப்போவது இந்தப் பட்டையைத்தான். இரு சக்கர வண்டிகளின் சுருள் ஸ்பிரிங்கை நீட்டினால் சிறு உளிக்கும் துளையிடும் ஊசிக்கும் ஏற்ற கம்பி கிடைக்கும். லேத் பட்டறையில் தேய்ந்துபோன அரத்தைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். நல்ல அரத்தில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். தேய்ந்த பேரிங்கின் வளையத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும் உண்டு. அது கடினமான எஃகு. அடிப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. ஒடிந்த ஸ்பிரிங் பட்டை சும்மா ஒடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் பாரம் ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அதில் விழுந்திருக்கும். ஆகவே ஒடிந்த இடத்தின் அருகே உள்ள பகுதியைத் தள்ளிவிட்டு நல்ல பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். பழைய இரும்பு மலிவாக இருப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு.

இரும்பிடமே கேட்பது

எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஐயாவிடம் நான் விடுமுறை நாட்களில் துருத்தி போடப் போவதுண்டு. "வாங்குறதுக்கு முந்தி அதுகிட்டயே கேளு தம்பி, அது சொல்லும்" என்பார். அவர் கேட்கும் முறைகளுக்கு நம் பாடப் புத்தகத்தில் விளக்கம் இருக்கிறது என்பதே எனக்கு வியப்பளித்த செய்தி.

முதலாவது பொறிச் சோதனை. இரும்பைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் பொறி பறக்கும். கார்பன் குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடுகளாக ஓடி, அதிகம் வெடிக்காமல் அணையும். கார்பன் மிகுந்த எஃகின் பொறி புதர்போல் அடர்ந்து, மத்தாப்பு நட்சத்திரங்களாகக் கிளைத்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் இருக்கும். பறக்கும் துகளிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகி வெடிப்பதே அந்த நட்சத்திரம். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக்கூடாது.

இரண்டாவது தோய்ச்சல் சோதனை. சிறு துண்டொன்றைக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் சற்றே சூடேற்றித் தண்ணீரில் தோய்க்க வேண்டும். இரும்பு தன் காந்தத் தன்மையை இழப்பது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில். இயற்பியல் நண்பர்கள் இதைக் கியூரி வெப்பநிலை என்று படித்திருப்பார்கள். குளிர்ந்த பின் அதன்மேல் அரத்தை ஓட்டினால், கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் அது எஃகு. கடித்து அராவினால் அது மெல்லிரும்பு. பிறகு துண்டை வைஸில் கவ்வித் தட்டி ஒடித்து, உள்ளே மணல்மணலாக இருக்கிறதா, பட்டுப்போல் நெருங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணல்போல் இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். இத்தனைக்கும் செலவு ஒரு காந்தமும், ஒரு பழைய அரமும், ஒரு வாளித் தண்ணீருமே.

தொடக்கூடாத இரும்பு

மலிவு என்பதற்காக எதையும் உலையில் இடலாகாது. துத்தநாகம் பூசிய குழாயும் தகடும் எங்கும் கிடைக்கும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. உலையின் சூடு அதற்கும் மேலே போகும். எழும் வெண்புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல்போல் வந்து படுக்கவைக்கும். குரோமியம் பூசிய பளபளப்பான பாகங்களும் ஆகா. இருபுறமும் அடைபட்ட குழாய், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை அப்படியே காய்ச்சினால் உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிந்து வெடிக்கும்.

தண்டவாளத் துண்டு அடைகல்லாக நன்கு உதவும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் திருடிய ரயில்வே பொருளை வைத்திருப்பது 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத துண்டை மாணவன் ஒருவன் வாங்கி வீட்டில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். கனமான லாரி அச்சுத் துண்டை மரக்கட்டையில் நிமிர்த்தி நட்டாலே அடைகல் ஆயிற்று. எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்வது நலம்.

"இத்தனை சந்தேகத்தோடு பழையதை ஏன் வாங்க வேண்டும், புதிய எஃகையே வாங்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடைந்தால் ஆளுக்குக் காயம் நேரும் பொருளை, பாரம் தூக்கும் கொக்கியை, வகை தெரியாத இரும்பில் செய்யக்கூடாது என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் நகரத்து எஃகு வியாபாரிகள் முழு நீளத்தில் விற்பவர்கள். ஓர் அடி கேட்கும் மாணவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு நீளம் வாங்கி வெட்டிப் பங்கிட்டால் அதுவும் நம் கைக்கெட்டும்.

படித்தவன் இரும்பு அடிக்கலாமா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதை என்னிடம் நண்பர்கள் கேட்டபோது சிரித்துக்கொண்டே விடை சொன்னேன். என் தந்தையார் கேட்டபோது உடனே விடை சொல்ல முடியவில்லை. "நான் இரும்பு சுமக்குறதே நீ சுமக்கக் கூடாதுன்னுதான்டா" என்றார் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் தோளில் கம்பி அழுத்திய தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பின்மேல் நின்று படிக்கும் நான், இரும்பு அடிப்பது இன்பம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பல நாள் சிந்தித்தபின் எனக்குத் தோன்றிய விடை இது. அவர் வெறுப்பது இரும்பை அன்று. வேறு வழியில்லாத நிலையை. குறைந்த கூலியையும், "ஏய் கம்பிக்காரா" என்று அழைக்கப்படுவதையும் வெறுக்கிறார். படிப்பு நமக்குத் தர வேண்டியது அந்த நிலையிலிருந்து விடுதலை. கை வேலையைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கத்தையும் கூடவே தந்துவிட்டால், "ஏய்" என்று அழைத்தவர்களின் வரிசையில் நாமும் போய்ச் சேர்ந்தவர்களாவோம்.

இன்னொன்றும் உண்டு. உலை வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, மற்றவர் எட்ட நின்றது நம் சமுதாயம். ஆலைப் பொருள்கள் வந்தபின் அந்தச் சாதிப் பிள்ளைகளும் வேறு வேலை தேடிச் சென்றுவிட்டார்கள். அதில் தவறில்லை. ஆனால் பொறியைப் பார்த்தே எஃகைச் சொல்லும் அந்த அறிவு, கற்க ஆளின்றிப் பெரியவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது. பிறப்பைக் கேளாமல், விரும்பும் எவனும் எவளும் உலை முன் உட்காரலாம் என்ற நிலை வந்தால் அந்த அறிவும் பிழைக்கும். சாதியின் பிடியும் ஓரளவு தளரும்.

அறிவியலுக்கும் உலைக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் மைக்கேல் ஃபாரடேயை நினைத்துப் பார்க்கட்டும். அவர் ஒரு கொல்லரின் மகன். மின்சார ஆய்வில் பெரும்புகழ் பெறுவதற்கு முன், 1819 இல் அவர் பகுப்பாய்வு செய்து கட்டுரை எழுதியது இந்தியாவிலிருந்து சென்ற ‘ஊட்ஸ்’ எஃகைப் பற்றி. அந்த எஃகின் பிறப்பிடங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உலைகளின் சான்றுகள் கிடைத்துள்ளன. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, நம் மண்ணில் இரும்பின் காலத்தை 5,300 ஆண்டுகளுக்கு முன் கொண்டுசெல்கிறது. அன்று நாமெல்லாம் பெருமையோடு அச்செய்தியைப் பகிர்ந்துகொண்டோம். ஆனால் பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு ஒரு கம்பிக்கும் ஓர் எஃகுத் துண்டுக்கும் வேறுபாடு தெரியும்?

கல்லூரி செய்யக்கூடியவை

பெரும் பொருட்செலவில் பட்டறை கட்டித்தருமாறு நான் கேட்கவில்லை. பேராசிரியப் பெருமக்களிடம் மூன்றே விண்ணப்பங்கள். ஒன்று, வகை தெரிந்த எஃகுத் துண்டுகள் ஏழெட்டைப் பெயர் எழுதி ஒரு பலகையில் பதித்து வேதியியல் ஆய்வகத்தில் வைக்க வேண்டும். பழைய இரும்பு வாங்கிய மாணவர் அதன் பொறியை இவற்றின் பொறியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு, நாட்டு நலப்பணித் திட்ட முகாமின்போது ஒரு நாள், அந்த ஊர்க் கொல்லரை உரிய ஊதியம் தந்து ஆசிரியராக அழைக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், அவர் பாடம் நடத்த நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று, புதிய எஃகைக் கூட்டாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ள அறிவியல் மன்றத்தின் பெயரில் ஒரு சிறு ஏற்பாடு வேண்டும்.

நண்பர்களே! அடுத்த முறை பழைய இரும்புக் கடையைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள். துருப்பிடித்த குவியல் என்று தோன்றும் அதனுள்ளே உளியும் அரிவாளும் வாய்ச்சியும் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்பப் பணம் அதிகம் வேண்டாம். வகுப்பில் படித்ததைக் கையால் செய்துபார்க்கும் துணிவு இருந்தால் போதும்.