மலை ஓடைக்கு வழி விடுங்கள்!

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் வழி, பெயருக்குத்தான் மலைப் பாதை. உண்மையில் அது ஓடையின் பாதை. தண்ணீர் காலங்காலமாக அறுத்து வைத்த பள்ளத்தாக்கை ஒட்டியே மனிதனும் நடக்கிறான். ஒரு முறையல்ல, பல முறை அவன் ஓடையைக் குறுக்கே கடந்தாக வேண்டும்.

நடை அலுக்காத வழி அது. கரையோரப் பெருமரங்கள் கிளையோடு கிளை கோத்து நிழல் தருகின்றன. அந்தக் கிளைகளே சாம்பல் நிற அணிலுக்கு ராஜபாட்டை. தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிப் போகும் அந்தப் பிராணிக்காகவே 1988-ல் இக்காடு சரணாலயமாயிற்று. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் இதுவும் அடங்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சுந்தர மகாலிங்கத்தைத் தரிசிக்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள்.

வெயிலில் வரும் வெள்ளம்

இவ்வளவு சாதுவாகத் தோன்றும் ஓடைதான் 2015-ம் ஆண்டு மே மாதம் திடீரென்று பெருகி, பக்தர்கள் பலரின் உயிரைக் குடித்தது. காரணம் மர்மமானதல்ல. மலை செங்குத்து, நிலமோ பாறை. உச்சியில் கொட்டும் மழை மண்ணில் ஊற நேரமின்றி ஒரே பள்ளத்தில் சேர்ந்து பாய்கிறது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே நிற்பவனுக்கு வெள்ளம் புறப்பட்டுவிட்டதே தெரியாது. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவைதான் எச்சரிக்கை. அதன் பிறகு கிடைக்கும் அவகாசம் சொற்பம். வேகமாகப் பாயும் நீர் முழங்காலளவு இருந்தாலே ஆளைப் புரட்டிவிடும்.

பாலம் போட்டால் போதுமா?

"எல்லா ஓடைக்கும் பாலம் கட்டு" என்பார் ஒரு சாரார். "யாரும் ஏறவே கூடாது" என்பார் மறு சாரார். இரண்டும் சரியல்ல. காடெங்கும் சிமெண்டைக் கொட்டினால் அணிலுக்கும் புலிக்கும் இடமிராது. வழிவழியாக நடந்து வரும் ஜனங்களை அடியோடு தடுப்பதும் நியாயமாகாது.

வேண்டியது நிதானம். மேல் ஓடைகளில் ஆள் நிறுத்தி, நீர் ஏறியதும் கீழே தகவல் சொல்ல வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். வழியில் சிக்கியவர்கள் மேட்டில் ஒதுங்க இடமும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும். அனுமதி இல்லையென்றால் அதை அடிவாரத்தில் வந்த பிறகு சொல்லாமல், பஸ் ஏறுமுன்பே ஊரறியச் சொல்ல வேண்டும்.

யாத்திரிகருக்கும் கடமை உண்டு. கடன் வாங்கிப் பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவருக்குத் திரும்பிப் போவது கஷ்டந்தான். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்ற அந்த எண்ணமே மனிதனை ஓடையில் இறக்குகிறது. தண்ணீர் கலங்கினால் கரையிலேயே நின்றுவிடுங்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு துணிய வேண்டாம். மழை விட்டால் மலை ஓடை வடிவதற்கும் வெகு நேரம் ஆகாது. வடியாவிட்டால்தான் என்ன? மகாலிங்கம் அடுத்த அமாவாசைக்கும் அங்கேதான் இருப்பார். தரிசிக்கப் போகிறவரும் இருக்க வேண்டாமா?