வேலையை விடலாமா, கிடாரை எடுக்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக கிடார் வாசிக்கிறேன். சினிமாப் பாடல்களை வாசித்து யூடியூபில் போடுகிறேன். லைக் வருகிறது, பணம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேலையையும் விடாதீர்கள், கிடாரையும் விடாதீர்கள்.

நீங்கள் வாசிப்பது அடுத்தவர் பாட்டு. உரிமை வைத்திருப்பவர் கோரினால் விளம்பர வருமானம் அவருக்குப் போய்விடும். உங்களுக்குத் தேவை சொந்தப் பாட்டு. ஜி, சி, டி என்று மூன்று கார்டு போதும், மெட்டுப் போடலாம்.

தினமும் அரை மணி நேரம் மெட்ரோனோமை 60-ல் வைத்து கார்டு மாற்றிப் பழகுங்கள். தந்தி இரையாமல் சுத்தமாக வந்தபிறகே 65-க்குப் போங்கள். வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது தெரியாத தடுமாற்றம் அதில் பளிச்சென்று தெரியும்.

ஸ்பாட்டிஃபையில் பாட்டை நேரடியாக ஏற்ற முடியாது. விநியோக நிறுவனம் வழியாகத்தான் போகும். அந்த ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். உரிமை முழுவதையும் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். மெட்டும் வரிகளும் உங்களுடையவை என்றால் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பதிவு செய்யுங்கள். பாட்டு பொது இடங்களில் ஒலித்தால் ராயல்டி கிடைக்க அதுதான் வழி.

அதுவரை? சனி, ஞாயிறில் வரவேற்பு நிகழ்ச்சிகளில் வாசிக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சம்பளத்தில் பாதியாவது ஆறு மாதம் தொடர்ந்து இசையிலிருந்து வரட்டும். அப்புறம் வீட்டில் பேச்சை எடுங்கள். அம்மாவே கிடார் பையைத் தூக்கிக் கொடுப்பார்!