வேகத்தைக் காட்டி வரம்பைப் போடும் வியாபாரம்!

மதுரையிலே செல்லூர், ஜெய்ஹிந்த்புரம் சந்துகளுக்குள்ளும் இன்டர்நெட் பைபர் ஒயர் வந்துவிட்டது. மேலூர், வாடிப்பட்டி பக்கம் விவசாயத் தொழிலாளியின் வீட்டில் ஒயர் இல்லை. ஆனால் கையில் செல்போன் இருக்கிறது. பிள்ளையின் ஸ்காலர்ஷிப் மனுவா, பட்டா நகலா, எதற்குப் போனாலும் "ஆன்லைனில் போடு" என்கிறது சர்க்கார். ஆகவே இன்டர்நெட் இன்று பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருள் அல்ல. உப்பைப் போல ஏழையின் அன்றாடத் தேவை. இந்தத் தேவையை வைத்துக் கம்பெனிகள் ஆடும் ஆட்டம் என்ன?

இரண்டே கால் மணி நேரம்!

2019 செப்டம்பர் 5ந் தேதி அம்பானியின் ஜியோ பைபர் வியாபாரம் தொடங்கிற்று. ஆரம்பத் திட்டம் மாதம் 699 ரூபாய். அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. விளம்பரத்திலே கொட்டை எழுத்தில் போட்டது 100 மெகாபிட் வேகம். மாத அளவோ 100 ஜி.பி.; புதிதாகச் சேருவோருக்கு ஆறு மாதம் மட்டும் 50 ஜி.பி. கூடுதல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்ற வேகத்திலேயே ஓட்டினால் 100 ஜி.பி. இரண்டே கால் மணி நேரத்தில் தீர்ந்து போகும்! பிறகு மாதம் முழுவதும் நூற்றில் ஒரு பங்கு வேகம். ஆவலோடு காத்திருந்த ஜனங்கள் ஏமாந்தார்கள். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்கள்.

"என்ன செய்வது, எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டாமா?" என்று சிலர் வக்காலத்து வாங்கினார்கள். வைகையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது நியாயம். தண்ணீர் செலவழிந்து போகும் பொருள். பைபர் ஒயரில் ஓடுவது ஒளி. ஒருவர் உபயோகித்ததால் அது குறைந்து விடாது. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உபயோகிக்கும்போது நெரிசல் வரும், உண்மை. ஆனால் நடுநிசியில் உபயோகித்ததையும் சேர்த்து எண்ணும் மாத வரம்பு அந்த நெரிசலை எப்படித் தீர்க்கும்? நெரிசலுக்கு மருந்து கூடுதல் கருவி, கூடுதல் ஒயர். அதற்குப் பணம் போட வேண்டும். வரம்புக்குப் போட வேண்டாம்!

சாட்சி வேண்டுமா? 2020 செப்டம்பரில் அதே ஜியோ 399 ரூபாய்க்குத் திட்டம் போட்டு, "வரம்பே இல்லை" என்று முழங்கிற்று. பொடி எழுத்தில் இருந்த வரம்பு 3300 ஜி.பி. நூறு ஜி.பி. ஒரே வருஷத்தில் முப்பத்துமூன்று மடங்காயிற்று! அப்படியானால் முதல் வருஷம் போட்ட பூட்டு விஞ்ஞானம் போட்டதா, லாபம் போட்டதா?

நடுநிசித் திருட்டு

செல்போனை நம்பியிருக்கும் கிராமத்து ஏழையின் கதி இதைவிட மோசம். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்று முன்பணம் வாங்குகிறார்கள். களையெடுக்கப் போனவள் அன்று அரை ஜி.பி.தான் தொட்டாள் என்றால், மிச்சம் ஒரு ஜி.பி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பறிபோகிறது. காசு வாங்கி அளந்து போட்ட அரிசியை, வேகாமல் மிச்சமிருக்கிறது என்று ராத்திரியில் வந்து அள்ளிப் போகும் கடைக்காரனை நம் தெருவில் சும்மா விடுவோமா?

போட்டி வந்தால் விலை குறையும் என்று உபதேசித்தவர்கள் எங்கே? 2024 ஜூலை 3ந் தேதி ஜியோவும் ஏர்டெல்லும் ஒரே நாளில் கட்டணத்தை உயர்த்தின. மறுநாள் வோடபோன் ஐடியா. 28 நாளுக்கு 239 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 299 ஆயிற்று. நான்கில் ஒரு பங்கு ஏற்றம்! எந்த மில்லில் அந்த மாதம் கூலி நான்கில் ஒரு பங்கு ஏறிற்று?

ஜனங்கள் சொன்ன பதில்

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கட்டணத்தை உயர்த்தாத பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த ஜூலை ஒரே மாதத்தில் 29 லட்சம் பேர் கூடினர். மூன்று தனியார் கம்பெனிகளும் சந்தாதாரரை இழந்தன.

ஆனால் வந்தவர்களில் பலர் சில மாதங்களில் திரும்பினார்கள். ஏன்? ஜியோ 2016லேயே 4ஜி நடத்திற்று, பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பர் 27ல்தான். இடையில், 2020 ஜனவரியில், சுமார் 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். காளையின் காலைக் கட்டிவிட்டு "ஓடவில்லையே" என்று ஏசுவது என்ன நியாயம்? பழுது பார்க்க ஆள் வரவில்லை என்று லைன்மேனைத் திட்டாதீர்கள். ஆளைக் குறைத்தவனைக் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். பைபர் திட்டங்களிலும் வரம்பு உண்டு, அதையும் கேட்போம். ஆனால் பொதுச் சொத்திடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது; அம்பானியிடம் யார் கேட்பது? கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்க விட்டுவிட்டு, டிராய் கமிஷன் தகவல் மட்டும் பெற்றுக்கொள்கிறது!

நம் கோரிக்கைகள் எளியவை: மிச்ச அளவு திட்டம் முடியும் வரை நம் கணக்கிலேயே இருக்கட்டும். வேகத்தை எந்த எழுத்தில் போடுகிறார்களோ, வரம்பையும் அதே எழுத்தில் போடட்டும். கட்டண உயர்வுக்கு முன் டிராய் பகிரங்க விசாரணை நடத்தட்டும். பி.எஸ்.என்.எல்.லுக்கு ஆளும் கருவியும் கொடுத்து, கிராமத்து வீடுகளுக்கும் ஒயரைக் கொண்டு வரட்டும்.

ஒருவர் நம்பரை மாற்றினால் கம்பெனிக்கு அது கொசுக்கடி. 29 லட்சம் பேர் சேர்ந்து மாற்றியபோது நாடே திரும்பிப் பார்த்தது. மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இந்தக் கணக்கைப் பேசுங்கள். தனித்தனியே முணுமுணுப்பதை விட்டு, சேர்ந்து கேளுங்கள்!