பிளாஸ்டிக் என்சைமும் பட்டான்செருவும்

தார்நாகா பக்கம் இரானி டீ குடிக்கப் போனால் ஆராய்ச்சி மாணவர் யாராவது மாட்டுவார். போன வாரம் மாட்டிய தம்பி, "அண்ணா, பிளாஸ்டிக்கில் என்சைம் செய்யப் போறேன்" என்றார். பலே!

விஷயம் இதுதான். சாவியைச் சோப்பில் அழுத்தி அச்சு எடுப்பதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதேபோல ஒரு மூலக்கூறைச் சுற்றிப் பாலிமரை இறுகவைத்து, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிட்டால், அதன் வடிவில் குழி மிஞ்சும். ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் 1972-லேயே இதைச் செய்துகாட்டினார்.

அதை வினையூக்கியாக்குவதில்தான் சிக்கல். வினை நடக்கும்போது மூலக்கூறு ஒரு நொடியின் துளிநேரம் எடுக்கும் இடைநிலை வடிவத்துக்குத்தான் குழி பொருந்த வேண்டும். அதைப் பிடித்துவைக்க முடியாதே! அதனால் அதன் சாயலுள்ள, நிலையான வேறொரு மூலக்கூறை அச்சாக வைக்கிறார்கள். குழிகளும் ஒன்றுபோல அமைவதில்லை. என்சைம்கள் வினையைப் பத்து லட்சம் மடங்கு வேகப்படுத்துவது சர்வசாதாரணம். இவையோ பெரும்பாலும் சில நூறு, சில ஆயிரம் மடங்கோடு நின்றுவிடும். சூட்டையும் கரைப்பான்களையும் தாங்கும் என்பது பெரிய பலம். ஆனால் என்சைமையே தேவைக்கேற்ப மாற்றும் கலைக்கு 2018-ல் நோபலே கிடைத்துவிட்டது. அந்தப் பந்தயத்தில் பிளாஸ்டிக் பின்தங்கிவிட்டது என்பதே என் கட்சி.

அப்படியானால் வீணா? இல்லை. இந்த அச்சுகள் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாகச் செய்வது, பல பொருட்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிடிப்பதை. அதற்கான வேலை ஹைதராபாத்திலேயே காத்திருக்கிறது. பட்டான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே வளராமல் என்ன செய்யும்?

அந்த மருந்தையே அச்சாக வைத்துப் பாலிமர் செய்யலாம். பிடித்ததை அழிக்க வேறு வழி வேண்டும், செலவும் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடிகாலில் கலந்தபின் தேடுவதைவிட ஆலைக்குள்ளேயே பிடிப்பது சுலபம்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். "செயற்கை என்சைம்னு எழுதினாத்தான் அண்ணா நிதி கிடைக்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.