பெட்டியைப் பூட்டினீர்கள், சாவி எங்கே?

நகையைப் பூட்டி வைக்கிறோம். வீட்டுப் பத்திரத்தைப் பூட்டி வைக்கிறோம். பூட்டிய பிறகு சாவியை எங்கே வைக்கிறோம்? அரிசிப் பானைக்குள். சாமி படத்துக்குப் பின்னால். தலையணைக்கு அடியில். வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்குக்கூட அந்த இடம் தெரியும்!

நகை போனால் பணத்தோடு போயிற்று. பூட்டி வைத்த பொருள் துப்பாக்கியாக இருந்தால்?

அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. அந்த நாட்டில் பொதுமக்கள் கையில் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக, ஜெனீவாவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் 2018-ம் ஆண்டில் கணக்குச் சொன்னது. அப்போது அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 33 கோடி. ஆளைவிடத் துப்பாக்கி அதிகம்!

"அது அவர்கள் பாடு, நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். நம் பேரன் பேத்திகள் அங்கே வளர்கிறார்கள். பேரன் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகிறான். அந்த வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

திருடனுக்கு அஞ்சிய பெட்டி

துப்பாக்கி வைப்பதற்கு என்றே அங்கே இரும்புப் பெட்டிகள் விற்கிறார்கள். சில, பீரோ அளவு இருக்கும். சில, சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும்.

வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இரும்பு எவ்வளவு கனம்?" என்பதுதான். தகட்டின் கனத்தை "கேஜ்" என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிமன். 14 கேஜ் தகடு ஏறத்தாழ 2 மில்லி மீட்டர். 10 கேஜ் தகடு ஏறத்தாழ 3½ மில்லி மீட்டர்.

அடுத்தது நெருப்பு. பெட்டியின் உள்சுவரில் ஜிப்சம் பலகை வைத்திருப்பார்கள். அதற்குள் நீர் அடங்கி இருக்கிறது. சூடு ஏறும்போது அந்த நீர் ஆவியாகி, உள்ளே இருக்கும் பொருளைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும்.

பெட்டிகளுக்குப் பரீட்சையும் உண்டு. அதில் முதல் படி இது: ஒரு ஆள் சுத்தியல், நெம்புகோல் போன்ற கைக் கருவிகளோடு 5 நிமிடம் முயன்றும் பெட்டி திறக்கக் கூடாது. வெறும் 5 நிமிடம்தான்! பெட்டியைத் தரையோடு சேர்த்துப் போல்ட்டு போட்டு முடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய், சாவகாசமாக உடைப்பான்.

இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால், எல்லாமே வெளியில் இருந்து வரும் திருடனை நினைத்துச் செய்தவை. கடப்பாரையோடு வருகிறவனை இரும்பு தடுக்கும். சாவியோடு வருகிற சொந்தப் பிள்ளையை அது தடுக்குமா?

14 உள்ளே, 1 வெளியே

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே வின்னென்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 2009-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, 17 வயதுப் பையன் ஒருவன் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குத் துப்பாக்கியோடு போனான். அன்று 15 பேர் அவன் கையால் மாண்டார்கள். முடிவில் அவனும் செத்தான்.

அவனுடைய தகப்பனார் துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். லைசென்சு பெற்றவர். அவரிடம் 15 துப்பாக்கிகள் இருந்தன. 14 துப்பாக்கிகளைப் பெட்டியில் பூட்டி இருந்தார். ஒரே ஒரு கைத்துப்பாக்கியைப் படுக்கை அறையில் வைத்திருந்தார். அந்த ஒன்றுதான் 15 உயிர்களைக் குடித்தது!

தகப்பனார் மீது வழக்கு நடந்தது. குற்றவாளி என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நல்ல பெட்டி அவரிடம் இருந்தது. அதனால் என்ன பயன்?

மூன்று பூஜ்யம்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்ற ஊர். 2021-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, 15 வயது மாணவன் பள்ளிக்கூடத்தில் சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கைத்துப்பாக்கியை நான்கு நாள் முன்புதான் தகப்பனார் வாங்கி வந்தார்.

வழக்கு விசாரணையில் ஒரு விஷயம் வெளியாயிற்று. அந்த வீட்டில் எண்ணைத் திருப்பித் திறக்கும் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் திறக்கும் எண் 0-0-0! தொழிற்சாலையில் இருந்து வரும்போது இருந்த எண். அதை யாரும் மாற்றவே இல்லை.

2024-ம் ஆண்டில் தாய், தகப்பன் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது. பள்ளியில் பிள்ளை நடத்திய கூட்டக்கொலைக்காக அமெரிக்காவில் பெற்றோர் இப்படித் தண்டனை பெற்றது அதுவே முதல் தடவை.

விரலை வைத்தால் திறக்கும் பெட்டிகளும் வந்திருக்கின்றன. 2023-ம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் இப்படிப்பட்ட சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். காரணம் என்ன? வாங்கியவர் தம் விரல் ரேகையைப் பதிவு செய்யும் வரை, அது எவர் விரலுக்கும் திறந்துவிடும்! பூட்டிவிட்டோம் என்று வாங்கியவர் நினைப்பார். பெட்டியோ எல்லோருக்கும் நண்பன்.

சாவிக்கும் ஒரு பெட்டி

ஜெர்மனியில் ஒருவர் துப்பாக்கிகளை நல்ல பெட்டியில் பூட்டினார். சாவியை வேறொரு சிறிய பெட்டியில் வைத்துவிட்டு விடுமுறைக்கு வெளியூர் போனார். திருடர்கள் சிறிய பெட்டியை உடைத்தார்கள். சாவியை எடுத்தார்கள். பெரிய பெட்டியைச் சிரமம் இல்லாமல் திறந்தார்கள்.

2023-ம் ஆண்டில் மியூன்ஸ்டர் நகர மேல் கோர்ட்டு இந்த வழக்கில் ஒரு நியாயத்தை எடுத்துச் சொன்னது. துப்பாக்கிப் பெட்டி எவ்வளவு உறுதியோ, சாவி வைக்கும் பெட்டியும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதே அது. "சாவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். என் கருத்தில் அந்தக் கோர்ட்டு சொன்னதே சரி. சாவி இருக்கும் இடம்தான் துப்பாக்கி இருக்கும் இடம்.

நடுராத்திரியில் திருடன் வந்தால்?

"ஆபத்து நேரத்தில் பூட்டைத் திறந்துகொண்டா இருப்பது? துப்பாக்கி கைக்கு எட்ட வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அதற்காகவே, கட்டில் ஓரத்தில் வைக்கும் சிறிய பெட்டிகள் இருக்கின்றன. சரியான பித்தான்களை அமுக்கினால் சில விநாடிகளில் திறக்கும். பூட்டு இல்லாமல் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடன் என்றோ ஒரு நாள் வருவான், வராமலும் போவான். மனம் உடைந்து நிற்கும் வேளை எந்த வீட்டிலும் வரும். அந்த வேளையில் பெட்டி திறக்காவிட்டால், கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓர் உயிர் பிழைக்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பூட்டைப் பாருங்கள். பிறகு இரும்பைப் பாருங்கள். எண் பூட்டானால், வாங்கிய அன்றே எண்ணை மாற்றுங்கள். பிறந்த தேதி, கல்யாணத் தேதி வேண்டாம்; பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம். விரல் பூட்டானால், உங்கள் ரேகையைப் பதிவு செய்த பிறகு வேறொருவர் விரலை வைத்துச் சோதியுங்கள். சாவிப் பூட்டானால், சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும். இல்லையேல் பூட்டுக்குள் இருக்கட்டும். துப்பாக்கியைக் குண்டு நீக்கி வையுங்கள். குண்டுகளை வேறு இடத்தில் பூட்டுங்கள். இருக்கிற எல்லாத் துப்பாக்கிகளும் கொள்ளும் அளவுக்குப் பெட்டி வாங்குங்கள். வெளியே ஒன்றுகூட நிற்கக் கூடாது.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு வேண்டும். 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தேர்தல் முடிந்ததும் அது வீட்டுக்குத் திரும்புகிறது. வந்த பிறகு அதைப் பூட்டிக் காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

அமெரிக்காவில் உள்ள மகனோ மகளோ அடுத்த தடவை பேசும்போது, ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் முன், "துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி இருக்கிறதா? சாவி யாரிடம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நல்ல அண்டை வீட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.