இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு பம்பர்

சென்னையிலிருந்து சித்தூர் வழியாக பெங்களூர் போகிறவர்களுக்கு பலமனேர் என்பது மலைப்பாதை ஏறி முடித்ததும் வரும் ஊர். பக்கத்திலேயே கௌண்டின்யா சரணாலயத்துக் காடு. 2023 ஜூன் மாதம் ஓர் இரவில், ஊருக்கு அருகே நெடுஞ்சாலையைக் கடந்த யானைகள் மீது ஒரு வண்டி மோதியது. குட்டிகள் உள்பட மூன்று யானைகள் இறந்தன. இப்படிப்பட்ட சாலைகளில் ஓடும் வண்டிகள் பலவற்றின் முகத்தில் கனமான இரும்புக் கம்பிகளை இன்னமும் பார்க்கலாம். எது மோதினாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் பொருத்தப்பட்டவை அவை.

பம்பர் எதற்காக என்ற கேள்விக்கு அந்தக் கம்பிகள் தரும் பதில் தவறானது. கடையில் கார் வாங்குகிறவர் சரியான பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. தொழிற்சாலை அவருக்காக யோசித்திருக்கும். உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டுக் கொட்டகையில் சொந்தமாகக் கார் கட்டுகிறவருக்குத்தான் அது தெரிந்தே ஆக வேண்டும்.

இப்படிக் கட்டும் 'கிட் கார்' பிரிட்டனில் வளர்ந்ததற்கு வரிதான் காரணம். முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் கிடையாது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் பிரபலமானது. பாகங்களோடு பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்று விதி இருந்ததால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, 'தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்' என்று லோட்டஸ் நிறுவனம் விட்டுவிட்டதாக ஒரு கதை உண்டு. 1973-ல் வரிமுறை மாறியதும் அந்தச் சலுகை போயிற்று. ஆனால் ஆசை போகவில்லை. அமெரிக்காவில் 1964-ல் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேயர்ஸ் மான்க்ஸ், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிப்பாகத்தின் மேல் ஃபைபர் கிளாஸ் கூட்டை உட்காரவைத்தது.

இந்தியாவுக்கும் ஃபைபர் கிளாஸ் கார் புதிதல்ல. பலமனேர் சாலை போய்ச் சேரும் பெங்களூரில்தான் 1980களில் சிப்பானி நிறுவனம் டால்ஃபின் காரைத் தயாரித்தது. மகாராஷ்டிரத்தின் அலிபாகில் சிங்காரா மோட்டார்ஸ், அம்பாசடர் காரில் இருந்த இசுசு இன்ஜினை வைத்து லோட்டஸ் செவன் சாயலில் ஒரு ரோட்ஸ்டரைக் கட்டியது.

முதல் முறை கார் கட்டுகிறவர்கள் இன்ஜினை ஓடவைப்பதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். அது ஓடிய பிறகுதான் பொறுமைக்குச் சோதனை வருகிறது. கதவுக் கீல், பூட்டு, கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் சில்லறை வேலைகள். ஆனால் தவறாகச் செய்தால் காரையே கெடுப்பவை.

முதல் விதி எளிது. பம்பரின் பலம் பம்பரில் இல்லை. அதன் பின்னால் உள்ள சட்டத்தில், அதாவது சேசிஸில் இருக்கிறது. ஃபைபர் கிளாஸ் கூடு பார்க்க அழகு, பாரம் தாங்காது. பம்பரை அந்தக் கூட்டிலேயே போல்ட் போட்டு முடுக்கினால், நிறுத்துமிடத்தில் யாரோ லேசாக இடித்தாலும் சிலந்தி வலை போல வெடிப்பு பரவும். பம்பரைத் தாங்கும் இரும்புக் கை சேசிஸிலிருந்து வர வேண்டும். அது வெளியே வரும் துளை, கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இடைவெளியை ரப்பர் வளையம் மறைக்கும். கூடும் சட்டமும் ஓட்டத்தில் தனித்தனியாக அசையும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் உடைவது கூடுதான்.

இரண்டாவது விதி வரிசை. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு முறை பூட்டிப் பார்த்துவிட வேண்டும். முதலில் கதவு. ஒரு கதவின் இரண்டு கீல்களின் ஊசிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் கதவு மூடும்போதெல்லாம் முறுக்கும்; சில மாதங்களில் கீல் இருக்கும் இடம் பிளக்கும். கதவு சரியாக உட்கார்ந்த பிறகு பூட்டு, பிறகு விளக்குகள், கடைசியில் பம்பர். தாங்கு கையின் துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டினால், பம்பரை மேலும் கீழும் நகர்த்தி மட்டம் பார்க்கலாம். மட்டம் சரியான பிறகே குரோமியம் பூச்சுக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். பூச்சு போட்ட இரும்பில் மறுபடி டிரில் ஓட்டினால் அந்த இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும்.

துளை போடுவதிலும் பக்குவம் வேண்டும். டேப் ஒட்டி, வெளிப்பக்கத்திலிருந்து, முதலில் டிரில்லைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டால் ஓரம் சிதறாது. போல்ட்டுக்கு உள்ளே அகலமான வாஷர் அல்லது பட்டைத் தகடு வேண்டும். முடிந்தவரை முடுக்குவது இரும்பில் பழகிய கை செய்யும் தவறு. அதிர்வில் கழலாமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட்டு போதும்.

மின்சாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புக் காரில் உடம்பே எர்த் ஒயராகப் பயன்படும். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது. மேசை மேல் பளிச்சென்று எரிந்த விளக்கு காரில் எரியாமல் பலரையும் இரவு முழுக்க விழிக்கவைத்ததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும்.

இனி, பம்பர் எதற்காக? 1973 மாடல் கார்களுக்கு அமெரிக்க அரசு போட்ட விதி இதைச் சொல்கிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் இடித்தால் ஹெட்லைட் போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் கெடக் கூடாது. 1982-ல் அந்த வேகத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். ஆக, பம்பர் என்பது ஆள் நடக்கும் வேகத்தில் நிகழும் சிறு இடிகளுக்கானது. அதற்கு மேல் காரின் முன்பகுதி நசுங்க வேண்டும். நசுங்கும்போதுதான் மோதலின் வேகம் உள்ளே இருப்பவரை எட்டாமல் குறைகிறது. முன்னால் ஒரு கனத்த கம்பியைச் சட்டத்தோடு பிணைத்தால் நசுங்க வேண்டியது நசுங்காது. காற்றுப்பை சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். எதிரே நடந்து வருகிறவருக்கோ அது சம்மட்டி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இந்தக் கம்பிகளை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

இங்கேதான் இரண்டாவது 'சட்டம்' வருகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். புதிய வண்டி என்றால் அதன் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் சோதிக்கப்பட வேண்டும். ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் கம்பெனிக்காக எழுதப்பட்ட விதி இது. ஒரே ஒரு கார் கட்டுகிறவர் அதற்குள் நுழைய முடியாது.

பாதி வண்டி என்ற கருத்து நம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. வெறும் சேசிஸாக வாங்கி நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் தற்காலிகப் பதிவு தரும் வழி அதே சட்டத்தில் உண்டு. அந்தப் பட்டறைகளின் கைத்திறனை நம்பித்தான் நாட்டின் சரக்கு ஓடுகிறது. தனி மனிதரின் காருக்கு மட்டும் கதவு இல்லை.

அதன் விலை என்ன என்பதை சாங்லி மாவட்டத்தின் தேவராஷ்டிரே கிராமத்து தத்தாத்ரேய லோஹாரின் கதை காட்டும். இரும்புப் பட்டறை வைத்திருந்த அவர், மகனின் ஆசைக்காக, பழைய வண்டிகளின் உதிரிகளைக் கொண்டு சுமார் 60,000 ரூபாயில் ஒரு சிறிய ஜீப்பைக் கட்டினார். உதைத்துக் கிளப்பும் இன்ஜின் அதில் இருந்தது. 2021 டிசம்பரில் அதைப் பார்த்து வியந்த ஆனந்த் மஹிந்திரா, இது விதிகளுக்கு உட்படாது, அதிகாரிகள் என்றாவது நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லி, பதிலுக்கு பொலேரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் புது வண்டி லோஹார் வீட்டுக்கு வந்தது. நல்ல முடிவுதான். ஆனால் ஒவ்வொரு பட்டறைக்காரரையும் தேடி ஒரு தொழிலதிபர் வர மாட்டார்.

பிரிட்டனில் ஒரே ஒரு கார் கட்டியவரும் அதைத் தனியாகச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். வெளியே உடம்பில் படக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மழுங்கியிருக்கின்றனவா என்றுகூடப் பார்ப்பார்கள். தேறினால் நம்பர் பிளேட். தேறாவிட்டால் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் தனி மனிதர்களின் வண்டிகளுக்கு அதைத் திறந்துவிட்டால் சாலைக்கு ஆபத்து கூடாது, குறையும். ஏனென்றால் சோதனை இல்லாத இடத்தில், கைத்திறன் பெயின்ட்டுக்கும் பளபளப்புக்கும் கனத்த கம்பிக்கும்தான் போகிறது.

பம்பரைக் கூட்டில் முடுக்கக் கூடாது, சட்டத்தில் முடுக்க வேண்டும் என்பது கார் கட்டுகிறவருக்கான பாடம். அவர் முடுக்குவதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்பது அரசுக்கான பாடம்.